ஐம்பத்தாறு பாகை, முப்பது நிமிடம்

புளூமெண்டால் வீதிக் களஞ்சியத்தில்
இயந்திரம் வந்த மரப்பெட்டியைப் பிரித்தபோது
பலகை இடுக்கிலிருந்து அது உருண்டு
பஸ்லியின் சப்பாத்தருகே நின்றது.
"மிஸ், இது என்ன காய்?"

காயில்லை. பைன் கூம்பு.
கோழிமுட்டை அளவு, ஒரு பக்கம் கோணல்.
செதிலெல்லாம் பிசினால் ஒட்டி
கடன்காரன் தட்டும் வீடு போல
உள்ளே ஆளிருந்தும் மூடிக்கிடந்தது.

பெட்டியில் முத்திரை சரி.
கோதுமைக் கதிர், நாட்டின் குறி,
மரத்தின் நடுவரைக்கும் ஐம்பத்தாறு பாகை,
முப்பது நிமிடம் சூடேற்றிய சான்று.
வண்டும் புழுவும் அதில் செத்திருக்கும்.
கூம்பு அதற்குப் பிறகு
டிக்கெட் இல்லாமல் ஏறியிருக்கிறது.

பலகையின் வெட்டுமுகத்தில் டோர்ச் அடித்தேன்.
வளையம், வளையம், வளையம்,
பிறகு ஒரு கரும்பிறை.
அந்த வருடம் தீ வந்துபோயிருக்கிறது.
மரம் சாகவில்லை.
அடுத்த வருடத்து மரம் இரு கரையாலும் சுருண்டு வந்து
காயத்தை மூடப் பார்த்திருக்கிறது.
இருபத்தொரு வளையம் எண்ணினேன்.
மறுபடி கருப்பு.

பேராதனையில் பரீட்சைக்குப் படித்தது:
மழை கொண்டுவராத இடி.
உச்சியில் விழும் மின்னல்.
நிழலிலேயே வளர்ந்து நெருக்கியடித்த இளமரங்கள்
ஏணியாகித் தீயை மேலே ஏற்றும்.
தடித்த பட்டைக்காரன்
கீழ்க்கிளைகளை முன்னமே உதிர்த்துவிட்டு
நிமிர்ந்து நிற்பான், கால் மட்டும் கருகி.
இந்தக் கூம்பின் சாதியோ எரிந்தே போகும்.
போகும்போது பிசின் உருகும்.
பத்து வருடம், இருபது வருடம் பூட்டியிருந்த விதை
சூடு ஆறாத சாம்பலில் இறங்கும்,
மேலே முதன்முதலாய் முழு வானம்.

மலைநாட்டில் எங்களுக்கும் பைன் உண்டு.
நட்ட பைன்; தீயும் வைத்த தீ.
எரிந்தால் மானாப்புல் வரும்,
அதுவும் எரியும்.

படிவத்தில் ஒரு கட்டம்:
அழிக்கும் முறை.
எரித்தல், என்று எழுதினேன்.
எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனையை மூடவில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில்
எண்பத்து மூன்றில் எரிந்த வீட்டு வளவில்
என்ன முளைத்தது என்று எனக்குத் தெரியும்.
முதலில் ஆமணக்கு. பிறகு ஒரு வங்கி.
சாம்பலும் உரம்தானே என்று
ஒரு கூட்டத்தில் யாரோ பேச, கை தட்டினார்கள்.
ஐயா,
மின்னலிடம் வாக்காளர் பட்டியல் இருந்ததில்லை.
காட்டை அதற்குச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

துறைமுகச் சூளை எண்ணூறு பாகை.
அங்கே எதுவும் திறக்காது, முடியும்.
அதன் வாகனம் மூன்று மணிக்குத்தான் வரும்.

கந்தோர்க் குசினியில் யாருமில்லை.
கேத்தில் கொதித்து மூடி ஆடிக்கொண்டிருந்தது.
ஒரு நிமிடம் மட்டும் உள்ளே போட்டேன்.
எடுத்து, மூடிய யன்னல் கண்ணாடியோடு
வெயில் படும் தட்டில் வைத்தேன்.
கொழும்பு வெயில், ஏப்ரல்,
வேறு வேலை இல்லாத வெயில்.

டிக்.
பஸ்லி திரும்பிப் பார்த்தான்.
டிக், டிக்.
ஒவ்வொரு செதிலாக, அவசரமில்லாமல்,
மீன் செவுள் திறப்பதுபோல்.
உள்ளே இறகு ஒட்டிய விதைகள்,
ஈசல் இறகை விடச் சிறியவை.
"பறக்குமா மிஸ்?"
மின்விசிறியை நிறுத்து, என்றேன்.

படிவத்தில் 'மூடிய' என்பதை வெட்டி
'திறந்த கூம்பு ஒன்று' என்று எழுதி
ஓரத்தில் கையொப்பமிட்டேன்.
விதை முப்பத்தொன்று.
மூன்று மணிக்கு முப்பத்தொன்றையும்
எண்ணிக் கொடுத்தேன்.
உறையை ஒட்டியது நான்தான்.

பின்னேரம் எல்லாருடைய தேத்தண்ணியிலும்
பிசின் மணத்தது.
இரண்டாவது கோப்பை கேட்டவர்களும் உண்டு.
மேர்வின் மட்டும்
கேத்திலைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு
இதை யாராவது கழுவ வேண்டும் என்றார்.