பதினெட்டாம் விநாடி

ஜனவரியில் யாஷி நகரத்துக் குழாய்கள்
உறைந்து கிடந்த மூன்று நாளும்
எங்கள் எலிகள் தாகம் அறியவில்லை.
அப்போது எனக்கு அது தெரியாது.

எனக்குத் தெரிந்தது கட்டைவிரல்.
தகட்டின் சூடு ஐம்பத்திரண்டரை டிகிரி.
எலியை வைப்பேன், கடிகாரத்தை அழுத்துவேன்.
பின்னங்காலைத் தூக்கி அது நக்கும் கணம்
மறுபடி அழுத்துவேன்.
இடைப்பட்ட நேரத்துக்கு வலி என்று பெயர்.
கட்டத்தில் எழுதுவேன்.
முப்பதைத் தாண்டினால்
நக்காவிட்டாலும் தூக்கிவிட வேண்டும்.
கருணை என்று முதல் வாரம் நினைத்திருந்தேன்.
பாதம் வெந்த எலி
மறுநாள் கணக்குக்கு ஆகாது, அவ்வளவுதான்.

மார்ஃபின் மட்டும் பெற்றவை
பன்னிரண்டில் நக்கும்.
தீவனத்தோடு மெக்னீசியம் தின்றவை
அதே ஊசிக்கு, அதே அளவுக்கு
இருபதுவரை நிற்கும்
பேருந்துக்குக் காத்திருப்பவர்போல.

வியாழக்கிழமை, வெறும் மார்ஃபின் கூட்டமும்
நின்றது.
பதினெட்டு. பத்தொன்பது. மறுபடி பதினெட்டு.
புட்டியின் தேதி சரி. தராசு சரி.
தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
ஐந்துகூட எண்ண முடியவில்லை.

மாலையில் படிக்கட்டின் அடியில் கண்டேன்
பச்சைப் போத்தல்கள், இருபத்துநான்கு, எல்லாம் காலி.
இரவுக் காவலர் நிகிஃபோர் தொப்பியைக் கழற்றினார்.
"குழாயில் சொட்டு இல்லை, ஸ்மரந்தா.
அதுகளுக்கும் வாய் இருக்கிறதே.
வீட்டிலிருந்த ஊற்றுநீரைக் கொண்டுவந்தேன்.
குமிழி போகட்டும் என்று
ஒரு மணி நேரம் திறந்துவைத்துத்தான் ஊற்றினேன்."

போத்தலைத் திருப்பி ஒட்டுத்தாளைப் படித்தேன்.
கால்சியம். சோடியம்.
மூன்றாம் வரியில், எறும்பெழுத்தில், அது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது
மனதுக்குச் சொன்னது என்றே இருந்தேன்.
குருதியும் நினைக்கிறதோ.
நரம்பின் வாசலில் ஒரு துகள்
குறுக்கே கால்நீட்டி உட்கார்ந்துகொள்ள
வலி தட்டித் தட்டி
உள்ளே வரத் தாமதமாகிறதோ.
மூன்று நாள் தண்ணீருக்கு அத்தனை சக்தி உண்டா?
குளிராகவும் இருக்கலாம்.
என் விரலாகவும் இருக்கலாம்.
எலியைக் கேட்க முடியாது,
அதனால்தான் கடிகாரம்.

பேராசிரியர் ஆக்சின்தே அந்த வரிசையைச்
சிவப்பு மையால் அடித்தார், அளவுகோல் வைத்து.
நிகிஃபோரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.
போகும்போது காலிப் போத்தல் ஒன்றைக்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷமாய் நானும் இதைத்தான் குடிக்கிறேன்,
முழங்கால் கேட்கவில்லையே"
என்றபடி மிச்சத்தைச் சாக்கில் கட்டிப்
படியேறினார் நிகிஃபோர்.
என் பைக்குள் கட்டைவிரல்
தானாக அழுத்தியது.
ஏழாம் படியில் அவர் நின்றார்,
கைப்பிடியைப் பற்றினார்,
உதட்டைக் கடித்தார்.

ஓடிப்போய்ச் சாக்கின் மறுமுனையைப் பிடித்தேன்.

இரவு, வீட்டில், கோட்டை மாட்டும்போது
பை துடித்தது.
நான்கு மணி பதினோரு நிமிடம்,
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.