ஆறாவது முகம்

இரவு ஒன்பதரைக்கு ஈலி வந்தான்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துமூன்று,
மூக்கு நுனி பீட்ரூட்.
பனியுடையை உரித்து
உலர்த்தும் அலமாரியில் தொங்கவிட்டேன்.
கையுறையில் இரண்டு பெயர்ச்சீட்டுகள்,
ஒன்றில் அம்மாவின் குடும்பப்பெயர்,
ஒன்றில் அப்பாவினுடையது.
சலவையில் இரண்டுமே மங்கியிருந்தன.

"இன்னைக்கு எந்த வீடு, மர்யுத்?"
"ரெண்டும் இல்ல. இன்னைக்கு நாங்க."
தலையாட்டினான்,
பேருந்து எண்ணைச் சரிபார்த்துக்கொண்டவன் போல.

ரொட்டி ஆலையில் ஹென்ரீகாவுக்கு இரவு ஷிப்ட்.
மூன்று வாரம் முன்பே வேலை நேரத்தை
எங்களுக்கு எழுதித் தரவேண்டும் அவள்.
ஆலையோ அவளுக்கு
நான்கு நாள் முன்புதான் சொல்கிறது.
இடையில் மிஞ்சும் பதினேழு நாளை
குறி சொல்பவளைப் போல
ஊகித்து நிரப்புகிறாள்,
பென்சிலால்.

ஒற்றைப்படை வாரங்களில் அப்பா வீடு.
அங்கே புதிதாய் ஒரு குழந்தை, ஹில்லா.
அது சிணுங்கினாலே ஈலி எழுந்துவிடுகிறானாம்.
இங்கே செவிலியின் மகள்,
ரயில்பெட்டி கழுவுகிறவரின் இரட்டையர்,
துறைமுகக் காவலாளியின் பையன்,
யார் இருமினாலும் புரள்வதில்லை.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

போன வாரம் நகராட்சியிலிருந்து ஒருத்தி வந்தாள்.
நல்லவள்தான், காலுறையோடு தரையில் உட்கார்ந்தாள்.
அட்டையில் ஐந்து முகங்கள்,
மேலே வளைந்த வாய் முதல்
கவிழ்ந்த வாய் வரை.
"ராத்திரி இங்கே தூங்கும்போது நீ எந்த முகம்?"
ஈலி வெகுநேரம் பார்த்தான்.
அவள் பேனாவை வாங்கி
ஓரத்தில் இன்னொரு வட்டம் போட்டான்.
கண்ணுக்கு இரண்டு கோடு. வாயே இல்லை.
"இது யாரு?"
"நான்தான். தூங்குறேன்ல."
சிரித்தாள். பிறகு
'பதில் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டாள்.

ஆகஸ்டிலிருந்து இரவுப்பிரிவு கிடையாது.
கடிதம் வந்துவிட்டது:
பயன்பாடு குறைவு.
குழந்தையின் நலனுக்கு வீட்டுச் சூழலே உகந்தது.

இரண்டாவது வரியை
நானும் ஒருகாலத்தில் நம்பினேன்.
என் மகள்கள் சின்னவர்களாக இருக்கையில்
அவர்கள் அப்பாவுக்குப் பகல் வேலை, எனக்கு இரவு.
வீடு ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.
நாங்கள் இருவரும்
ஒருசேர விழித்திருந்ததும் இல்லை.
பன்னிரண்டு வருடம் ஓடியது.
மேசையைக்கூடச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டோம்,
பெஞ்சு அவருக்கு, பலகை எனக்கு.
மூத்தவள் கேட்டாள்:
"அப்ப நாங்க எங்க உக்காந்து சாப்பிடுறது?"
நலன் என்ற சொல் வந்தால்
இன்னும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் படிக்கிறேன்.

காலை ஆறு நாற்பது.
ஹென்ரீகா வந்தாள், புருவத்தில் மாவு.
எழுப்பட்டுமா என்றேன்.
"ஒரு நிமிஷம்" என்று
குழந்தைகளின் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தாள்,
முழங்கால் மார்பைத் தொட.
வரிசையாய்த் தொங்கும் பெயரெழுதிய தொப்பிகளின் கீழே,
பூட்ஸ்கூடக் கழற்றவில்லை,
கண்ணுக்கு இரண்டு கோடு.

கட்டணம் மணிக்கணக்கு.
கொஞ்சம் மிஞ்சினாலும் அடுத்த படிக்கு ஏறிவிடும்.

ஏழேகாலுக்குக் கம்பு மாவுக் கஞ்சி கொதிக்க
ஈலி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.
அம்மாவைப் பார்த்தான்.
தட்டி எழுப்புவான் என்று நினைத்தேன்.
உதட்டில் விரல் வைத்து என்னை எச்சரித்துவிட்டு
மேசைக்குப் போனான்,
நாற்காலியை இழுக்காமல், தூக்கி வைத்து.

ஏட்டைத் திறந்தேன்.
ஈலி. புறப்பாடு: 6.40.
பேனாவால்தான் எழுதினேன்.