ஒன்பதாவது கட்டம்

ஆணை கைக்கு வரும்போது மாலை நான்கு.
ஜீப்பில் நான், ஒரு பெண் காவலர்,
மடியில் ஐஸ் பெட்டி, அதற்குள் இரண்டு குப்பி இன்சுலின்.
பாலக்கோடு தாண்டியதும் தக்காளி.
கிலோ மூன்று ரூபாய்க்குக்கூடப் போகாமல்
சாலையில் கொட்டியிருந்தார்கள்.
அதன் மேல் ஏறித்தான் போனோம்.

மாதப்பன் வாசலிலேயே நின்றார்.
இரண்டு வருடமாக எலியேசர்.
கத்தவில்லை, ஆள் கூட்டவில்லை.
"பெரியவனுக்கு எல்லா ஊசியும் போட்டோம், மேடம்.
பெரியாஸ்பத்திரியிலதான் செத்தான்.
இவளைக் கர்த்தர்கிட்ட ஒப்படைச்சிட்டேன்.
குடுத்ததை எப்படித் திருப்பிக் கேக்கறது?"

அதற்கு என்னிடம் படிவம் இல்லை.

ஒன்பது வயது.
பள்ளிக்கூடத்தில் தன்ஷிகா,
தகரக்கூரைச் சபையில் எஸ்தர்.
ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு
இன்னொன்று கேட்டாள்.
தூக்கி உட்காரவைத்த காவலர்
ரொம்ப தூரம் போனபின் சொன்னார்:
"எடையே இல்லீங்க."

எனக்கு ஏழு வயதில்
அம்மாவின் வேண்டுதலுக்கு என் கன்னத்தில் அலகு குத்தினார்கள்.
ஊரே அரோகரா என்றது.
எந்த ஜீப்பும் வரவில்லை.
வந்திருந்தால்
வாயில் ரத்தத்தோடு ஓடிப்போய்
அம்மா முந்தானைக்குள்தான் ஒளிந்திருப்பேன்.

தருமபுரி அரசு மருத்துவமனை, குழந்தைகள் வார்டு.
நானூற்று எண்பது. மறுநாள் முந்நூற்றுப் பத்து.
மூன்றாம் நாள் படிவத்தோடு
அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.
கட்டம் ஒன்பது: குழந்தையின் விருப்பம்.
ஒரு வரி எழுத இடம் விட்டிருந்தார்கள்.

"ஊசி போடுங்க. வலிச்சாலும் பரவால்ல.
ஆனா அப்பா ஜெபம் முடிச்சு எந்திரிக்கறப்போ
அதனாலதான் சரியாச்சுன்னு சொல்லிருங்க."

முதல் பாதியை எழுதினேன்.
குழுத் தலைவர் படித்துவிட்டு
"தெளிவான பிள்ளை" என்று கையெழுத்துப் போட்டார்.

இன்று நூற்று அறுபது.
வார்டுக்கு வெளியே
செருப்புகளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவர்
துண்டை உதறிக்கொண்டு வந்தார்.
கண்ணெல்லாம் ஈரம்.
"பாத்தீங்களா மேடம். ஸ்தோத்திரம்."

உள்ளே அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் நாக்கு
கன்னத்து உள்தழும்பில் போய் நின்றது.

"ஆமாங்க" என்றேன்.

அடுத்த ஊசிக்கு இன்னும் பதினைந்து நிமிடம்.