பச்சை ஸ்டிக்கர்

ஊர்க்கூடத்தில் வரைபடத்தை விரித்திருந்தார்கள்
நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு.
சுருண்டுகொள்ளாமல் இருக்க
ஒரு மூலையில் காப்பிக் குடுவை,
எதிர்மூலையில் டோனட் பெட்டி.

மூஸ் மான் நடமாடும் இடத்துக்கு நீலம்,
கல்லறைக்கு மஞ்சள்,
மருந்துச் செடிக்குப் பச்சை என்றான்
எண்ணெய்க் கம்பெனி அனுப்பிய பையன்.
நல்லவன்தான். பூட்ஸில் இன்னும் கடை வாசனை.
"நீங்கள் ஒட்டாத இடத்தை
எங்களால் காப்பாற்ற முடியாது."

ஒட்டிய இடத்தைக் காப்பாற்றிய கதை
எங்களுக்குத் தெரியும்.
தொண்ணூற்றெட்டில் என் அண்ணன் ஆர்ச்சி
வளைவோடைமேல் ஒன்று ஒட்டினான்.
இன்று அங்கே கழிவுக் குட்டை.
வாத்து இறங்கிச் சாகக் கூடாதென்று
ராப்பகலாக வெடி வெடிக்கிறார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் வெர்னா யெல்லோநீ,
எனக்கு அண்ணியாக இருந்தவள்.
அவனைப் புதைத்த வாரம்
ஓர் அலுமினியப் படகுக்காகச் சண்டை.
பதினொரு வருஷம் பேச்சு இல்லை.

பச்சைத் தாளை வாங்கினாள்.
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.
தெற்கே, வெகு தெற்கே, எட்மன்டன் நகரத்தில்
கம்பெனித் தலைமையகத்தின் மேல் ஒன்று.
அதன் கார் நிறுத்தத்தில் இரண்டு.
புண்ணுக்குப் பிளாஸ்திரி போடுவது போல
கட்டைவிரலால் அழுத்தித் தடவினாள்.
பையன் எண்ணிக் குறித்துக்கொண்டான்.

எனக்குக் காப்பி மூக்கில் ஏறியது.
சிரிப்பு இருமலானது.
இருமல் நிற்கவில்லை,
இரண்டு வாரமாகவே நிற்கவில்லை.

வெளியே அவள் டிரக் உறுமிக்கொண்டிருந்தது.
கதவுக் கண்ணாடி இறங்கியது.
புகையிலை டப்பாவிலிருந்து
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு.
வசம்பு. நீரெலி தேடித் தின்கிற வேர்.
கடைவாயில் ஒதுக்கினேன்.
கசந்தது. எரிந்தது.
பிறகு, காதுக்குள் எங்கோ
ஒரு கதவு திறந்தது.

"எங்கே எடுத்தது?"
பதினொரு வருஷத்தில் என் முதல் பேச்சு.

"ஓடையை மூடுவதற்கு முந்தின ராத்திரி
உன் அண்ணன் இரண்டு சாக்கு பெயர்த்தான்.
எதில் ஏற்றிக்கொண்டு போனான் என்று நினைக்கிறாய்?
அந்தச் சேறு இன்னும் படகின் அடியில் காய்ந்து கிடக்கிறது.
உன்னிடம் தந்திருந்தால்
கழுவியிருப்பாய்."

கழுவியிருப்பேன்.

பிறகு சொன்னாள்.
எந்தத் திருப்பம், எந்தக் கரை,
இலை எந்த நிறத்துக்கு வரும்வரை
கை வைக்கக் கூடாது என்று.
முதலில் கண்ணில் படுவதை விட்டுவிடு என்றாள்.
புகையிலை வைக்காமல்
தண்ணீரில் கால் வைக்காதே என்றாள்.
மற்றதை இங்கே எழுத மாட்டேன்.

அவள் முழங்கால் வீங்கியிருந்ததைப் பார்த்தேன்.
என்ன போடுகிறாய் என்றேன். ஐஸ் என்றாள்.
அதற்கு எனக்கு ஒன்று தெரியும்,
ஆர்ச்சிக்கும் சொல்லாதது.

அதற்குள் கூடத்திலிருந்து பையன் ஓடிவந்தான்,
கோட்டுக்கூடப் போடாமல்,
கையில் மிச்சத் தாள் படபடக்க:
"நீங்கள் ஒன்றுமே ஒட்டவில்லையே?"

வாய் நிறைய வேர்.
தலையை மட்டும் ஆட்டினேன்.