மஞ்சள் கால்

இருபத்தாறு ஆண்டுகளாக என் வேலை
கோழியிடம் ஒரு சொட்டு இரத்தம் கேட்பது.
அது தராது.
ரொஸ்னா இறக்கையை விரித்துப் பிடிப்பாள்,
நான் ஊசியைக் குத்தியபடி மன்னிப்புக் கேட்பேன்.
ஏனோ தமிழில்தான் வரும்.

லிம் சூ காங்கில் ஒரு முட்டைப் பண்ணை.
ஓட்டின் தடிமன் எந்த மரபணுவில் என்று
மூன்று ஆண்டு தேடினேன்.
கிடைத்தபோது பண்ணையின் குத்தகை முடிந்திருந்தது.
பிறகு ஆடுகள். பிறகு
மானியமே இல்லாத ஒரு நீண்ட ஆண்டு.
அந்தப் பண்ணைக் கோழிகள் எல்லாம் இப்போது
கழித்தல் எண்பதில்,
என் கையெழுத்து ஒட்டிய குழாய்களில்.

போன மாதம் நகர மன்றத்திலிருந்து கடிதம்.
எங்கள் புளோக்கின் கீழே பதினோரு கோழிகள்,
விடிகாலை நாலரைக்குக் கூவல்,
நாற்பத்து மூன்று புகார்கள்.
காட்டுக்கோழியா வீட்டுக்கோழியா,
ஒரே சொல்லில் தெரிவிக்கவும்.
காடு என்றால் இருக்கலாம்.
வீடு என்றால் வீடு கிடையாது.

காதோரம் வெள்ளைப் பொட்டு, அது காடு.
கால் மட்டும் மஞ்சள்.
அறுபத்திரண்டு விழுக்காடு என்று எழுதி அனுப்பினேன்.
திரு சியோங் தொலைபேசியில் வந்தார்:
"டாக்டர், படிவத்தில் ரெண்டு கட்டம்தான் இருக்கு."

அந்த மஞ்சளை எனக்குத் தெரியும்.
சிவப்புக் காட்டுக்கோழியின் சொத்து அல்ல அது.
என்றோ நம் மலையடிவாரத்தில்
சாம்பல் காட்டுக்கோழி ஒன்று வேலி தாண்டி வந்து
கொடுத்துவிட்டுப் போனது.
கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் கோழித்தோலில்
அந்த ஒரு பிற்பகல் இன்னும் பளபளக்கிறது.
கோழிச்சோற்றுக் கடைக்காரரிடம் ஒருமுறை சொன்னேன்.
"மிளகாய் கூடவா, குறைச்சா?" என்றார்.

என் மகன் கயலனின் அடையாள அட்டையில்
இனம் என்ற இடத்தில் இரண்டு சொல்,
நடுவே சிறு கோடு.
கோழிக்கு ஒரு கோடு கேட்டால் சியோங் சிரிப்பார்.

காடு என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
அறுபத்திரண்டு, பெரும்பான்மைதானே.
விஞ்ஞானம் அல்ல. தெரியும்.

இன்று நாலரைக்கு அது கூவியது.
நாற்பத்து மூன்றில் மூன்று புகார் எழுதிய வீ ஹான்
பக்கத்தில் புரண்டு படுத்து
தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டார்.
என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.
மறுபடி கூவியது.