பழைய கிளட்ச் கம்பி

பெந்தாவில், எண்ணெய் ஆலைக்கு எதிர்வரிசையில்
என் பட்டறை.
செம்பனைக் காட்டுச் சேறெல்லாம் பூசிக்கொண்டு
மோட்டார்கள் இங்கேதான் வந்து இருமும்.
அறுந்த கிளட்ச் கம்பிகளைச் சுருட்டி
காலிப் பெயிண்ட் டின்னில் போட்டுவைப்பேன்.
மாதக் கடைசியில் சன்னாசி வருவார்.
கிலோ இரண்டு வெள்ளி.
எதற்கு என்று கேட்டதில்லை.
வாங்க வருகிறவனைக் கேள்வி கேட்டால்
வியாபாரம் நடக்குமா?

ஆலையில் லோரி எடை பார்க்கும் நவமலர்தான்
டயருக்குக் காற்றடிக்க வந்தவள் சொன்னாள்:
"ஞாயித்துக்கெழம மெராப்போ வர்றீங்களா?
நடக்க ஆளு பத்தல."
தாமான் நெகாராவுக்கு ரேஞ்சர் இருக்கிறானே,
நான் போய் என்ன கிழிக்க, என்றேன்.
"காடு எவ்ளோ பெருசு, ரேஞ்சர் எத்தன பேரு?
கண்ணு இருக்கில்ல, காலு இருக்கில்ல, வாங்க."

வேனில் ஏழு பேர்.
பல் டாக்டர் ஒருவர். கோழிக்கடை ஆ செங்.
பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே வந்த
இடைநிலைப்பள்ளி டீச்சர் ரொஹானா.
பெட்ரோலுக்குத் தலைக்குப் பத்து வெள்ளி.
சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டிருந்தால்
வந்திருக்க மாட்டோம் என்று தோன்றியது.

முன்னால் நடந்தவர் பாத்தேக்காரர், ஹம்டான்.
விரலை நீட்டாமல் தாடையால் காட்டுவார்.
தாடை காட்டிய இடத்தில்
எனக்கு வெறும் இலை.
அவருக்கு,
வளைத்துக் கட்டிய இளமரம்,
சருகுக்கு அடியில் வாயைத் திறந்த சுருக்கு.

மூன்றாவது சுருக்கு காலியாக இல்லை.
ஒரு குளம்பு மட்டும். கீஜாங் மானுடையது.
சுற்றிலும் மண் வட்டமாக உழுதிருந்தது.
எத்தனை நாள் சுற்றியதோ.
டீச்சர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்;
மழை இல்லை.

கம்பியை நான்தான் அறுத்தேன். கட்டர் என் கையில் இருந்தது.
நுனியில் சிவப்பு.
இழை பிரியாமலிருக்க நெயில் பாலிஷ் தடவுவேன்,
இந்த வட்டாரத்தில் வேறு பட்டறைக்காரன் எவனும் தடவுவதில்லை.

நவமலர் படிவம் நிரப்பினாள்:
இடம், நேரம், எண்ணிக்கை.
"என்ன கம்பிண்ணே?"
"மோட்டார் கிளட்ச்."
எந்தப் பட்டறை என்று கேட்க
அதில் கட்டமில்லை.
நானும் சொல்லவில்லை.
திரும்பும் வழியெல்லாம்
யானை கடக்கும் என்று பலகை வைத்த இடங்களில்
டாக்டர் வேனை ஊரவிட்டார்.
பின்னால் வந்த லோரிகள் திட்டின.

மாதக் கடைசி. சன்னாசி.
டின் நிறைந்திருந்தது.
விற்பதில்லை என்றேன்.
காட்டுக்கா, என்றும் கேட்டுவிட்டேன்.
அவர் கூசவில்லை.
"பன்னிக்குடா. மூணு ஏக்கர்ல கன்னு பூரா தோண்டிப் போட்டுருது.
ஒம் புலியா வந்து எனக்குச் சோறு போடும்?"
பன்றிக்கு என்று எழுதி வைத்தால்
மான் படித்துவிட்டு விலகிப் போகுமா, என்றேன்.
மறுபடி பேசவில்லை இருவரும்.
இப்போது அவர் மகனின் மோட்டார்
ஆ லோக் கடையில் நிற்கிறது.
மூன்று ஏக்கரும் பொய்யில்லை,
அதுதான் உறுத்துகிறது.

புகார் எண்ணை
கோயில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.
இதுவரை அழுத்தவில்லை.
ஆனால் மத்தியானம் ஆள் வராத நேரத்தில்
டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்துவிடுவேன்:
ஒவ்வொரு கம்பியையும்
விரல் நீளத்துக்கு, டக், டக்.
ஒரு கால் நுழைய இடம் கொடாத நீளத்துக்கு.

நேற்று நவமலர் டயரை உதைத்துப் பார்த்துக் கேட்டாள்,
"வர்ற ஞாயிறு?"
கட்டரில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.