எரிகிற புல்

மே மாதக் கடைசி. லுவாங்குவா ஆற்றுக்கு மேற்கே
புல் இன்னும் பாதிப் பச்சை.
இப்போதே கொஞ்சம் எரித்துவிட்டால்
அக்டோபரில் எல்லாம் எரியாது.
அவ்வளவுதான் கணக்கு.

ஸெலிப்பா குனிந்து தீச்சொட்டியைச் சாய்க்கிறாள்.
டீசல் வாசனை. பிறகு
யாரோ பாய் கிழிப்பதுபோல் ஒரு சத்தம்.

முதல் புகை மரத்தலைக்கு ஏறுமுன்னே
வந்துவிட்டது கரிச்சான்.
யார் ஆள் அனுப்பினார்களோ.
நேற்று ஒன்று, இன்று ஏழு.
மோப்பானே மரத்தின் பட்ட கிளையில்
கரியை முன்கூட்டியே பூசிக்கொண்டு
வாலை இரண்டாகப் பிளந்துகொண்டு.
கண் சிவந்திருப்பது புகையால் அல்ல,
பிறவியிலேயே அப்படித்தான்.

எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம்.
அதன் குலத்தொழிலே அது.

தத்துக்கிளிகள் தெறிக்கின்றன, வாணலிக் கடுகாக.
பின்னால் சூடு, முன்னால் அலகு.
கரிச்சான் புகைக்குள் சரிந்து
கொக்கிபோல் வளைந்து திரும்புகிறது.
அலகோரம் ஒரு கால் துடிக்கிறது.

தண்ணீர்ப் பையை முதுகில் ஏற்றியபடி
யோலாமு கேட்டான்:
"இதற்குச் சம்பளம் உண்டாமா?
நமக்கு மார்ச்சிலிருந்து பாக்கி."

மதியம் சோளக்களி, கபெந்தா மீன், ஒரே கிண்ணம்.
கை கழுவியும் விரலில் டீசல்.

இரண்டரைக்குக் காற்று திரும்பியது.
தீ கோட்டைத் தாண்டியது
வேலி தாண்டும் ஆடுபோல, யோசிக்காமல்.
ஓடு என்று யோலாமு கத்துமுன்னே
ஓடிக்கொண்டிருந்தார்கள்:
ஐந்து பேர், ஒரு முயல், ஒரு கூட்டம் கினிக்கோழிகள்,
தத்துக்கிளிகளோடு ஒரே திசையில்.
ஸெலிப்பா ஒருமுறைதான் தலை நிமிர்ந்தாள்.
எதிரே வந்தது கரிச்சான்.
அவள் தோளுக்கு ஒரு சாண் மேலே
அவளை ஒரு பொருட்டாகவே எண்ணாமல்
புகைக்குள் போனது.

கூடுதலாக எரிந்தது பதினான்கு ஹெக்டேர்,
ஒரு தொப்பி, யோலாமுவின் இடது புருவம்.
மேற்பார்வையாளர் குறித்துக்கொண்டார்.
புருவத்தைக் குறிக்கவில்லை.

இரவு பூட்ஸைக் கழற்றியபோது
காலுறை மடிப்பில் ஏதோ அசைந்தது.
தத்துக்கிளி.
பின்னங்கால் ஒன்று இல்லை.
மீசை ஒன்று கருகிச் சுருண்டிருந்தது.

உள்ளே விட்டால் பூனை.
வெளியே விட்டால்
விடியும்போது மின்கம்பியில் அது உட்கார்ந்திருக்கும்,
ஸெலிப்பாவுக்குத் தெரியும்.
நிலைப்படியிலேயே நின்றாள்,
கையை மூடாமல், வீசாமல்.
வெளியே காற்றில் இன்னும் கரி வாசனை.

தத்துக்கிளி
இருந்த ஒற்றைக் காலை
மெல்ல மடக்கி
தாவலுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தது.